பழைய மின்னஞ்சல் மென்பொருளில் மூன்று கணக்குகளை மீண்டும் திறந்த கதை

விண்டோஸ் 7 இயங்கும் ஒரு மேசைக் கணினி. அதில், 2010-ஐ ஒட்டி வெளிவந்து பிறகு வளர்ச்சி நின்றுபோன ஒரு மின்னஞ்சல் மென்பொருள். அந்த மென்பொருளில் மூன்று கணக்குகள்: ஒன்று ஜிமெயில், இன்னொன்று அவுட்லுக் டாட் காம், மூன்றாவது சொந்த டொமைன் பெயரில் ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருப்பது. மூன்றிலும் அஞ்சல் இறங்கவில்லை. மூன்றுக்கும் திரையில் எழுந்த பெட்டி ஒன்றுதான்: பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மீண்டும் தரவும். அதே கடவுச்சொற்களைக் கொண்டு வேறொரு கணினியின் உலாவியில் நுழைந்தால் மூன்று கணக்குகளும் தடையின்றித் திறந்தன.

அந்தப் பெட்டியை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் வலியுறுத்த விரும்புவது. சர்வர் உண்மையில் என்ன பதில் சொன்னது என்பதை அது காட்டுவதில்லை. இணைப்பு தொடங்கும்போதே முறிந்திருந்தாலும், சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைச் சரிபார்க்கும்போது முறிந்திருந்தாலும், கடவுச்சொல்லை ஏற்கும் வழக்கத்தையே சர்வர் கைவிட்டிருந்தாலும், அந்தக் காலத்து மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே காரணம் தவறான கடவுச்சொல் என்பதால் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே மூன்று கணக்குகளுக்கும் கோளாறு மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தது. எதிலும் கடவுச்சொல் தவறாக இல்லை.

கணினிக்கு உரியவர் என் பெரியப்பா. "பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் பாத்துட்டேன், கேக்குறத நிறுத்த மாட்டேங்குதுப்பா" என்றார். அதை உடனே நிறுத்தச் சொன்னேன். அடுத்தடுத்துத் தவறும் உள்நுழைவு முயற்சிகளைச் சர்வர்கள் தாக்குதலாகக் கருதிக் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டக்கூடும். அப்போது புதிதாக ஒரு கோளாறு சேர்ந்து, பழையதை மறைத்துவிடும்.

ஏன் இந்த மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதற்கு மாறக் கூடாது என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலானவர்களுக்கு அதுவே சரியான விடை. தண்டர்பேர்டு போன்ற இன்றைய மென்பொருள்கள் புதிய உள்நுழைவு முறையைத் தாமாகவே கையாளும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பான தண்டர்பேர்டு 115-க்கும் அது தெரியும். ஆனால் இங்கே நீண்ட காலத்துக் கடிதப் போக்குவரத்தும், கோப்புறைகளின் அடுக்கும், வடிகட்டி விதிகளும் அந்தப் பழைய மென்பொருளுக்குள் இருந்தன. அவற்றை நிதானமாக இடம் மாற்றி முடிக்கும் வரை அன்றாட அஞ்சல் நிற்காமல் ஓட வேண்டும் என்பதே தேவை.

கணக்குகள் ஒரே நேரத்தில் நின்றுவிடவில்லை, ஒவ்வொன்றாக நின்றன என்பது பெரியப்பாவின் நினைவிலிருந்து தெரிந்தது. அதற்குப் பொதுவெளியில் அறிவிக்கப்பட்ட காரணங்கள் இருக்கின்றன. பயனர் பெயரையும் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லையும் மட்டும் அனுப்பி உள்ளே வரும் செயலிகளைக் கூகுள், தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் அனுமதிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனச் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதே முறையை 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக் டாட் காம் போன்ற தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-ஆம் தேதியோடு நிறுத்தியது. இவற்றுக்கு மாற்றாக வந்த ஓஆத் 2.0 முறை, இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 6749 என்ற ஆவணமாக வெளியானதே 2012 அக்டோபரில்தான். 2010-இல் எழுதப்பட்ட மென்பொருளுக்கு அது தெரியாததில் வியப்பில்லை. இன்னொரு பக்கம், இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகளை 2021 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 8996 முறைப்படி கைவிட்டது. சர்வர்கள் ஒவ்வொன்றாக 1.2-க்குக் கீழே பேச மறுக்கத் தொடங்கின.

எனவே அடியிலிருந்து மேலே போவதென்று முடிவு செய்தேன்: முதலில் கணினியின் கடிகாரம், அதன்பின் டிஎல்எஸ், அதன்பின் சான்றிதழ், கடைசியாக உள்நுழைவு முறை. எதையும் தொடுவதற்கு முன்பு மென்பொருளை மூடிவிட்டு, அஞ்சல்கள் இருக்கும் கோப்புறையை முழுவதுமாக வெளி வட்டில் நகலெடுத்து வைத்தேன். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவது உண்டு. அப்படிப் போனால் எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் செல்லத் தொடங்காதவையாகத் தெரியும். இங்கே கடிகாரம் சரியாக இருந்தது.

டிஎல்எஸ்: 70 என்ற எண்ணும் 40 என்ற எண்ணும்

மென்பொருள் சொல்லாததை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு சொல்லும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, ஸ்சேனல் (விண்டோஸில் டிஎல்எஸ்ஸைக் கையாளும் பகுதி) என்ற மூலத்திலிருந்து வரும் பிழைகளை மட்டும் வடிகட்டிக்கொண்டு, ஹோஸ்டிங் கணக்கில் அஞ்சலைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். உடனே 36887 என்ற எண்ணோடு ஒரு பிழை பதிவானது. அபாய எச்சரிக்கை ஒன்று வந்தது, அதன் குறியீடு 70 என்றது அந்த வரி. டிஎல்எஸ் நெறிமுறையில் 70 என்பது நெறிமுறைப் பதிப்பு ஏற்கத்தக்கதல்ல என்று மறுமுனை சொல்வது. அதாவது, பேச்சு தொடங்கிய முதல் நொடியிலேயே சர்வர் கதவைச் சாத்திவிட்டது. கடவுச்சொல் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை.

விண்டோஸ் 7-க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் இயல்பாக அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். சர்வீஸ் பேக் 1 நிறுவப்பட்ட கணினியில், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஸ்சேனல் பகுதியின் கீழுள்ள புரோட்டோகால்ஸ் என்ற கிளையில் டிஎல்எஸ் 1.2 என்றொரு கிளையையும் அதனுள் கிளையன்ட் என்றொரு கிளையையும் உருவாக்கி, 'எனேபிள்டு' என்பதற்கு 1, 'டிஸேபிள்டு பை டிஃபால்ட்' என்பதற்கு 0 என இரண்டு மதிப்புகளை எழுத வேண்டும். இது ஸ்சேனலை நேரடியாகப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு. விண்டோஸின் இன்னொரு இணைப்பு நூலகமான வின்எச்டிடிபி வழியாகப் பேசுபவற்றுக்கு கேபி 3140245 என்ற புதுப்பிப்பும், இயல்பு நெறிமுறைகளைக் குறிக்கும் தனி மதிப்பும் தேவை. இரண்டையும் செய்து கணினியை மறுதொடக்கம் செய்தேன். மறுதொடக்கம் இல்லாமல் இந்த மாற்றம் நடைமுறைக்கு வராது என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

மறுதொடக்கத்துக்குப் பின் ஜிமெயிலும் அவுட்லுக்கும் டிஎல்எஸ் கட்டத்தைக் கடந்து, உண்மையாகவே உள்நுழைவுக் கட்டத்தில் நின்றன. ஹோஸ்டிங் கணக்கு மட்டும் மறுபடியும் ஸ்சேனல் பிழையைத் தந்தது. ஆனால் இந்த முறை குறியீடு 70 அல்ல, 40. ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சுவார்த்தை) தோற்றது என்பது அதன் பொருள்: பதிப்பில் உடன்பாடு வந்துவிட்டது, எந்தெந்தக் குறியாக்க முறைகளைப் பயன்படுத்துவது என்ற சைஃபர் தொகுதியில் உடன்பாடு வரவில்லை. திரையில் வந்த பெட்டி மட்டும் மாறவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து டிஎல்எஸ் கருவியான ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையால் அந்தச் சர்வரைத் தட்டிப் பார்த்தேன். ஆர்எஸ்ஏ சான்றிதழை வைத்திருந்த அந்தச் சர்வர், டிஎல்எஸ் 1.2-இல் ஈசிடிஎச்இ திறவுகோல் பரிமாற்றத்தோடு ஜிசிஎம் அல்லது சாச்சா வகைக் குறியாக்கத்தை மட்டுமே ஏற்றது. விண்டோஸ் 7-இன் ஸ்சேனலில் ஈசிடிஎச்இயும் ஆர்எஸ்ஏ சான்றிதழும் சேரும் இடத்தில் பழைய சிபிசி வகைக் குறியாக்கம் மட்டுமே உண்டு. ஈசிடிஎச்இயோடு ஜிசிஎம் வேண்டுமானால் சான்றிதழ் ஈசிடிஎஸ்ஏ வகையாக இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவாக ஒன்றுகூட இல்லை. எந்த ரெஜிஸ்ட்ரி மாற்றத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சர்வர் நிர்வாகிகள் பாதுகாப்பான பட்டியலை வைத்திருப்பதைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தச் சோதனையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய ஓபன்எஸ்எஸ்எல்லில் டிஎல்எஸ் 1.0-ஐ மட்டும் பயன்படுத்து என்று கட்டளையிட்டு, இணைப்பு தோற்றால், சர்வர் மறுத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஓபன்எஸ்எஸ்எல் 3.0 முதல், பாதுகாப்பு நிலையை 0-க்கு இறக்கினால் ஒழிய அந்தக் கருவியே டிஎல்எஸ் 1.0-ஐயும் 1.1-ஐயும் பேசாது. அதே கருவியில் அஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி சர்வரோடு கையால் பேசும்போது பெரிய எழுத்து 'ஆர்' வரியின் தொடக்கத்தில் வந்தால், அதைச் சர்வருக்கு அனுப்பாமல் மறு ஹேண்ட்ஷேக்குக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், பெறுநரைக் குறிக்கும் வரியைச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். தெரியாதவர்களை நெடுநேரம் அலைக்கழிக்கும் சின்ன விஷயம் இது.

இடையில் ஒரு சிறிய கணினி

பழைய கணினியின் டிஎல்எஸ் போதாது என்றால், புதிய டிஎல்எஸ் தெரிந்த ஒன்றை இடையில் வைக்க வேண்டும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் 'ராஸ்பெர்ரி பை' என்ற சிறு லினக்ஸ் கணினி (இனி 'பை') வீட்டு வலையமைப்பில் ஏற்கெனவே இருந்தது. எஸ்டனல் என்ற நிரலை அதில் நிறுவினேன். ஒரு பக்கம் வரும் இணைப்பை வாங்கி, மறு பக்கம் டிஎல்எஸ்ஸால் சுற்றி அனுப்புவது அதன் வேலை. கடிதத்தை வேறு உறையில் போட்டு மறுபடி அஞ்சலில் சேர்ப்பதைப் போன்றது.

எஸ்டனலின் இயல்பமைப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் அது மறுமுனையின் சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. குறியாக்கம் நடக்கும், ஆனால் யாரோடு நடக்கிறது என்பதை அது பார்க்காது. சான்றிதழ்ச் சங்கிலியைச் சரிபார்க்கும்படியும், அதற்கு லினக்ஸின் மூலச் சான்றிதழ்க் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானவை) கோப்புறையைப் பயன்படுத்தும்படியும், சான்றிதழில் இருக்கும் பெயர் சர்வரின் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கும்படியும் தனித்தனியாக மூன்று வரிகள் எழுத வேண்டும். இணையத்தில் நகலெடுக்கக் கிடைக்கும் அமைப்புக் கோப்புகள் பலவற்றில் இந்த மூன்றும் இருப்பதில்லை. லினக்ஸின் மூலச் சான்றிதழ்களைப் பயன்படுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் முன்பு சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானபோது, புதிய மூலச் சான்றிதழைப் பெறாத பழைய கணினிகள் பல தடுமாறின. அந்த வகைச் சிக்கலும் இதோடு ஒழிந்தது.

அடுத்து, பழைய கணினிக்கும் பைக்கும் இடையிலான பகுதி. வீட்டுக்குள்தானே என்று அதைக் குறியாக்கம் இல்லாமல் விடுவதை நான் ஏற்கவில்லை; அதே வைஃபையில் பல கருவிகள் இருக்கின்றன. ஆனால் எஸ்டனலின் ஒரு சேவை ஒரு பக்கம் மட்டுமே டிஎல்எஸ் பேசும் என்பதால், இரண்டு சேவைகளைத் தொடராக வைக்க வேண்டியிருந்தது. முதலாவது, வீட்டு வலையமைப்பிலிருந்து டிஎல்எஸ் இணைப்பை 1993 என்ற போர்ட்டில் வாங்கி, பை தன்னைத்தானே குறிக்கும் உள்முகவரியில் மட்டும் திறந்திருக்கும் ஒரு போர்ட்டுக்குத் தரும். இரண்டாவது, அந்த உள்போர்ட்டில் வாங்கி, ஹோஸ்டிங் சர்வரின் 993-ஆம் போர்ட்டுக்கு டிஎல்எஸ் வழியாக அனுப்பும். குறியாக்கமற்ற பகுதி பைக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிந்துவிடுகிறது.

பைக்கான சான்றிதழை நானே உருவாக்கினேன். விண்டோஸ் 7-இன் வரம்பு இங்கே உதவிக்கு வந்தது: பி-256 வளைவில் ஈசிடிஎஸ்ஏ திறவுகோலைக் கொண்ட சான்றிதழாக அதை அமைத்துவிட்டால், பழைய கணினியும் ஜிசிஎம் குறியாக்கத்தில் பேச முடியும். அதை விண்டோஸின் நம்பகமான மூலச் சான்றிதழ்களில் சேர்க்க வேண்டியிருந்ததால், பிற சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் உரிமை இல்லாதது என்று சான்றிதழிலேயே குறித்துவிட்டேன். அதன் திறவுகோல் எப்போதாவது களவு போனாலும், வேறு தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் செய்ய அது பயன்படாது. சான்றிதழில் உள்ள பெயரையே பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், பழைய கணினியில், பையின் முகவரிக்கு நேராக எழுதி, மென்பொருளின் சர்வர் கட்டத்திலும் அதையே கொடுத்தேன். ஹோஸ்டிங் கணக்கு பழைய கடவுச்சொல்லோடு உடனே திறந்தது.

ஜிமெயில்: பதினாறு எழுத்துகள்

ஜிமெயில் விரைவாக முடிந்தது. மென்பொருளில் ஐமேப் (அஞ்சலைப் பெறும் நெறிமுறை) உரையாடலின் பதிவை இயக்கிப் பார்த்தபோது, சர்வர் நேர்மையாகவே காரணத்தைச் சொல்லியிருந்தது: இந்தச் செயலிக்கென்று உருவாக்கிய கடவுச்சொல் தேவை என்ற எச்சரிக்கையும் அதைத் தொடர்ந்து ஓர் உதவிப் பக்கத்தின் முகவரியும். அந்த வரியைக் காட்டாமல் மறைத்தது மென்பொருள்தான்.

கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருந்தது; இல்லாவிட்டால் அந்தத் தனிக் கடவுச்சொல்லை, அதாவது ஆப் பாஸ்வேர்டை, உருவாக்கும் பக்கமே கிடைக்காது. பதினாறு எழுத்துகளை நான்கு நான்காகப் பிரித்து இடைவெளியோடு திரையில் காட்டுவார்கள். படிக்க வசதியாக விடப்பட்டவை என்பதால் இடைவெளிகளை நீக்கியே மென்பொருளில் ஒட்டினேன். கடவுச்சொல் கட்டத்தின் நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கும் பழைய மென்பொருள்களில் இடைவெளிகளால் கடைசி எழுத்துகள் வெட்டுப்படக்கூடும். ஆப் பாஸ்வேர்டு ஒரு முறைதான் காட்டப்படும். அதை எங்கும் எழுதி வைக்கத் தேவையில்லை. தொலைந்தால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டுகளும் தாமாகவே ரத்தாகிவிடும் என்பதைப் பெரியப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். பெட்டி எழும்போதெல்லாம் கடவுச்சொல்லை மாற்றும் பழக்கம், இந்தக் கணக்கைப் பொறுத்தவரை, நோயைத் தானே வரவழைப்பதாகும்.

ஆப் பாஸ்வேர்டு ஒரு சமரசம்தான். அது இருபடிச் சரிபார்ப்பைத் தாண்டி உள்ளே விடுகிறது. வைத்திருப்பவருக்கு அஞ்சல் முழுவதும் திறந்திருக்கும். ஆனாலும் முதன்மைக் கடவுச்சொல்லைப் பழைய கணினியில் சேமித்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். கணினி களவு போனால் மற்ற எதையும் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

அவுட்லுக் டாட் காம்: கடவுச்சொல்லே செல்லாத இடம்

மூன்றாவது கணக்குதான் அதிக உழைப்பைக் கேட்டது. ஐமேப் பதிவில் உள்நுழைவு தோற்றது என்ற மொட்டையான ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. எஸ்எம்டிபி வழியாக ஓர் அஞ்சலை அனுப்பிப் பார்த்தபோது விளக்கமான பதில் கிடைத்தது: 535, அதன்பின் 5.7.139, அடிப்படை அங்கீகாரம் முடக்கப்பட்டுள்ளது. உள்நுழைவுச் சிக்கலை ஆராயும்போது பெறும் சர்வர் பேசாவிட்டால் அனுப்பும் சர்வரைக் கேட்டுப் பார்ப்பது நல்ல உத்தி. ஆப் பாஸ்வேர்டும் கடவுச்சொல் என்ற வகைக்குள்தான் வரும் என்பதால், இங்கே அதற்கும் வேலையில்லை. ஓஆத் ஒன்றே வழி.

ஓஆத் முறையில் மென்பொருள் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. பயனர் உலாவியில் உள்நுழைந்து அனுமதி தருகிறார். மென்பொருளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும் அணுகல் டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்றது) ஒன்றும், அது தீர்ந்ததும் அடுத்ததை வாங்கிக்கொள்ள ஒரு புதுப்பிப்பு டோக்கனும் கிடைக்கின்றன. ஐமேப்பில் வழக்கமான லாகின் கட்டளைக்குப் பதிலாக எக்ஸ்ஓஆத்2 என்ற முறையில், பயனர் பெயர், திரையில் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்து, 'பேரர்' என்ற சொல்லோடு டோக்கன், மறுபடியும் அதே கட்டுப்பாட்டு எழுத்து இரண்டு முறை ஆகியவற்றைக் கோத்து, பேஸ்64 வடிவில் ஒரே வரியாக அனுப்ப வேண்டும். பழைய மென்பொருளுக்கு இதைக் கற்றுத்தர முடியாது. ஆனால் அதற்குத் தெரிந்த லாகின் கட்டளையை வாங்கிக்கொண்டு, சர்வரிடம் இந்த வரியைச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரை இடையில் நிறுத்தலாம்.

அந்த வேலைக்கு ஈமெயில் ஓஆத்2 ப்ராக்ஸி என்ற திறமூல நிரலைப் பையில் நிறுவினேன். பைத்தானில் எழுதப்பட்டது, ஐமேப், பாப், எஸ்எம்டிபி மூன்றையும் கையாளும். அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பகுதி, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பகுதி. எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பதை இயல்பமைப்புக்கு விட்டுவிடாமல் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. எஸ்டனலுக்காக உருவாக்கிய அதே சான்றிதழை இதற்கும் கொடுத்தேன். முன்னதாக, அவுட்லுக் கணக்கின் வலைப்பக்க அமைப்புகளில் பாப், ஐமேப் அணுகலை இயக்க வேண்டியிருந்தது. அது இயல்பாக அணைந்தே இருக்கும். மைக்ரோசாஃப்டிடம் செயலியாகப் பதிவு செய்து ஒரு கிளையன்ட் அடையாளத்தையும் பெற வேண்டும்; பதிவு செய்யும்போது தனிநபர் கணக்குகளை ஏற்கும் வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பின்னர் உலாவியில் உள்நுழையும்போதுதான் அது மறுக்கப்படும்.

பைக்குத் திரை இல்லை. ஆகவே ப்ராக்ஸியைத் திரையில்லா முறையில், அனுமதியை வெளியே பெற்றுக்கொள்ளும் தெரிவோடு இயக்கினேன். பெரியப்பாவின் மென்பொருள் முதன்முறை இணைந்ததும் ப்ராக்ஸி ஒரு நீண்ட முகவரியை முனையத்தில் அச்சிட்டது. அதை என் மடிக்கணினியின் உலாவியில் ஒட்டி, அவர் உள்நுழைந்து அனுமதி தந்ததும், இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை என்ற பிழைப் பக்கம் வந்தது. பலர் இங்கேதான் வேலை தோற்றுவிட்டதாக நினைத்துக் கைவிடுகிறார்கள். அது தோல்வி அல்ல. அனுமதி கிடைத்ததும் உலாவி, தான் இயங்கும் கணினியின் உள்முகவரிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. மடிக்கணினியில் அதைக் கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான். தேவையானது முகவரிப் பட்டையில் இருக்கிறது: 'கோடு' என்ற சொல்லுக்குப் பின்னால் தொடரும் நீண்ட எழுத்துக்கோவை. முகவரி முழுவதையும் நகலெடுத்து முனையத்தில் ஒட்டியதும் ப்ராக்ஸி அதைக் கொடுத்து டோக்கன்களை வாங்கிக்கொண்டது. இந்தக் குறியீடு ஒரு முறை மட்டுமே செல்லும், விரைவில் காலாவதியாகும். ஆற அமரச் செய்ய இடமில்லை.

மென்பொருளின் கடவுச்சொல் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது இந்த ஏற்பாட்டில் எல்லோரையும் குழப்பும் கேள்வி. அவுட்லுக் கடவுச்சொல்லை அங்கே எழுதக் கூடாது, எழுதத் தேவையும் இல்லை. அங்கே தரப்படும் சொல், ப்ராக்ஸி தன்னிடம் உள்ள டோக்கன்களை வட்டில் குறியாக்கி வைப்பதற்கான திறவுகோல் மட்டுமே. ஆகவே புதிதாக ஒரு நீண்ட சொற்றொடரைத் தேர்ந்து, ஐமேப் கட்டத்திலும் எஸ்எம்டிபி கட்டத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே கொடுக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் பெறுதலும் அனுப்புதலும் ஒன்றின் டோக்கனை மற்றொன்று திறக்க முடியாமல், மீண்டும் மீண்டும் அனுமதி கேட்கும்.

ஜிமெயிலையும் இதே ப்ராக்ஸியில் கொண்டுவர எண்ணுபவர்கள் கூகுளின் ஒரு விதியை அறிந்திருக்க வேண்டும். தாங்களே பதிவு செய்யும் செயலி சோதனை நிலையில் இருக்கும் வரை, புதுப்பிப்பு டோக்கன் 7 நாள்களில் காலாவதியாகும். வாரத்துக்கு ஒரு முறை அனுமதி கேட்கும் அஞ்சல்பெட்டியை யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதால், அந்தக் கணக்குக்கு ஆப் பாஸ்வேர்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

அனுப்புதல், அதன்பின் மிச்சமிருந்தவை

அனுப்பும் சர்வரில் சிக்கல் உள்நுழைவில் இல்லை, போர்ட்டில் இருந்தது. இந்த மென்பொருளில் 'எஸ்எஸ்எல்' என்ற ஒரே ஒரு தேர்வுக்கட்டம்தான் உண்டு. அதைத் தேர்ந்தால் இணைப்பு முதல் பைட்டிலிருந்தே குறியாக்கத்தோடு தொடங்கும். 587-ஆம் போர்ட்டோ சாதாரண உரையில் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகே குறியாக்கத்துக்கு மாறும். சர்வர் சாதாரண உரையில் அனுப்பும் முதல் வரியை மென்பொருள் டிஎல்எஸ் பதிலாகப் படிக்க முயன்று இணைப்பு முறியும். தொடக்கத்திலிருந்தே குறியாக்கும் 465-ஆம் போர்ட் ஒரு காலத்தில் கைவிடப்பட்டிருந்தாலும், 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 அதற்கு மறுவாழ்வு தந்தது. ஜிமெயிலும் ஹோஸ்டிங் சர்வரும் அதில் பேசின. அவுட்லுக்கின் 587-ஐ ப்ராக்ஸியே கவனித்துக்கொண்டது.

ஜிமெயிலில் அனுப்பிய அஞ்சல்கள் இரட்டையாகத் தெரிந்தன. எஸ்எம்டிபி வழியாக அனுப்பப்படுவதைச் சர்வர் தானாகவே அனுப்பியவை கோப்புறையில் சேர்த்துவிடுவதால், மென்பொருளும் ஒரு நகலைச் சேர்க்கும் தெரிவை அந்தக் கணக்குக்கு மட்டும் அணைத்தேன். ஒவ்வொரு கோப்புறைக்கும் தனி ஐமேப் இணைப்பைத் திறக்கும் பழக்கமும் அதற்கு இருந்தது. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்புகளையே அனுமதிக்கும். கைபேசியும் மடிக்கணினியும் சேரும்போது அந்த வரம்பு எளிதில் நிறைந்துவிடும் என்பதால், மென்பொருளின் உச்ச எண்ணிக்கையை 5 என்று வைத்தேன்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் ஜிமெயிலையும் எஸ்டனல் வழியாகவே திருப்பிவிட்டேன். அதற்குத் தொழில்நுட்பத் தேவை இல்லை, காரணம் வேறு. 2020 ஜனவரி 14-க்குப் பின் பொதுப் பயனர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராத ஓர் இயக்க முறைமை இணையத்தை நேரடியாகத் தொடாமல் இருப்பது நல்லது. மூன்று கணக்குகளும் பை வழியாகப் போவதால், ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கணினிக்குப் பையின் முகவரியைத் தவிர வேறு எங்கும் போக முடியாதபடி அடைத்துவிட முடிந்தது. அஞ்சல்களுக்குள் ஒளிந்து வரும் தொலைதூரப் படங்களும் அதோடு நின்றன. இணைப்புக் கோப்புகள் என்ற வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அவற்றை அந்தக் கணினியில் திறக்காமல், அதே கணக்கை வேறு கணினியின் உலாவியில் திறந்து பார்க்கும்படி ஏற்பாடு.

ஆராய்ச்சிக்காக இயக்கிய பதிவுகளையும் அழித்தேன். ஐமேப் பதிவில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகவோ பேஸ்64 வடிவிலோ இருக்கும். பேஸ்64 படிக்க முடியாததுபோல் தோன்றினாலும் அது குறியாக்கம் அல்ல, யார் வேண்டுமானாலும் நொடியில் பிரித்துவிடலாம். உதவி கேட்டு யாருக்காவது பதிவை அனுப்புவதாக இருந்தால், லாகின் அல்லது அங்கீகாரக் கட்டளை இருக்கும் வரியையும் அதற்கு அடுத்து வரும் வரியையும் நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும்.

இப்போது பழைய கோப்புறைகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அஞ்சல்கள் எம்பாக்ஸ் (ஒரு கோப்புறையின் அஞ்சல்களை ஒரே கோப்பில் வைக்கும் முறை) வடிவில் இருப்பதால் அட்டவணைக் கோப்புகளை விட்டுவிட்டு எம்பாக்ஸ் கோப்புகளை மட்டும் எடுத்துச் சென்று, ஒவ்வொரு கோப்புறையிலும் அஞ்சல்களின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகிறேன். வடிகட்டி விதிகளுக்குத்தான் நேரடி வழி இல்லை; அவற்றைப் பெரியப்பா ஒவ்வொன்றாக வாசிக்க, நான் புதிய மென்பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் இனித் தேவையில்லை என்று அவரே அடித்துவிட்டார்.